ஏழு பேர்ச்சஸும் பதினேழு இலக்குகளும்



2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை வகுத்து, 2030ஐ எல்லையாக வைத்தது. வறுமை, கல்வி, சமத்துவமின்மை, காலநிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம். பதுளை மாவட்டத்தின் பசறையிலோ மடுல்சீமையிலோ, தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பறாவுக்குள் போய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பத்தின் தலையில்தான் இருக்கின்றன.

தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல் நாளொன்றுக்கு 1000 ரூபா, 2024இல் 1350. பின்னர் 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1550 ரூபாவும், அரசின் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவும் என்றது. நல்லதுதான். ஆனால் கையில் என்ன வரும் என்பதை முடிவு செய்வது கொழுந்து மடுவத்துத் தராசு. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு வேறு. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். உரமில்லாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? மறு வருடம் நாடே கடனில் விழுந்து, கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கொழும்பில் போட்ட தப்புக் கணக்குக்கு ரொட்டியைக் குறைத்து ஈடுகட்டியது தோட்டம்.

அடுத்து, குடியிருக்கும் இடம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. தெரிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. எங்கே போவது? லயமும் தங்களுடையதல்ல, அது நிற்கும் மண்ணும் தங்களுடையதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளில் சிக்கியது. பதினொரு வருடம் கழித்தும் தோட்டத்து மக்களுக்கு எங்கே போவது என்ற அதே கேள்விதான்.

மலையகத் தமிழராகிய எங்களுக்கு 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சிக்கல் பெருமளவு தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். காணி உரிமைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. வீட்டுக்கென ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்படும் ஏழு பேர்ச்சஸ் காணித் துண்டுக்கு முறையான உறுதி கையில் இருந்தால், வங்கியில் கடன் கேட்கலாம். ஒரு அறையைக் கூட்டிக் கட்டலாம். தோட்ட வேலையை விட்டாலும் வீட்டை விட வேண்டியதில்லை. சம்பள உயர்வு விலைவாசியில் கரைந்துவிடும். காணி கரையாது.

கல்வியிலும் ஒரு சங்கதி. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அதற்கென ஒதுக்கீடும் உண்டு. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தானே தவிர, தோட்டத்துக்கு அல்ல. நகரத்தில் ரியூஷனுக்குப் போகும் பிள்ளையும், உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படித்து வெளியே வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக்கு அருகில் தமிழ்மொழியில் கணிதம், விஞ்ஞானம் உயர்தரம் வரை உண்டா? இல்லையென்றால் பிள்ளைகள் எந்த பஸ்ஸில், எங்கே போகிறார்கள்? வீட்டுக்கு உறுதி கிடைத்தவர்கள், எந்தெந்தக் கந்தோருக்கு ஏறி இறங்கி வாங்கினீர்கள்? எழுதி அனுப்புங்கள். உங்கள் அனுபவம் பக்கத்துத் தோட்டத்தாருக்கு அலைச்சலைக் குறைக்கும். வருகிற இதழ்களில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்