ஓர் ஓட்டம் விட்டுப்போயிருந்தால்?

வடக்குத்தில் ஞாயிறுதோறும் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சென்ற மாதம் ஓர் ஆட்டம் சண்டையில் முடிந்தது. ஒரு கட்சி 61 ஓட்டம் என்றது. எதிர்க்கட்சி 60 என்றது. கணக்கு எழுதிய பையன் நடுவில் மட்டை பிடிக்கப் போய்விட்டு, திரும்பி வந்து ஞாபகத்திலிருந்து நிரப்பியிருக்கிறான்!

1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த இந்திய-ஆஸ்திரேலிய டெஸ்டின் ஸ்கோர் அட்டையை அவர்களிடம் காட்டினேன். ஆஸ்திரேலியா 574, 170, கூட்டினால் 744. இந்தியா 397, 347, அதுவும் 744! ஐந்து நாட்களில் 1488 ஓட்டங்கள். அவற்றில் ஒன்றே ஒன்று ஏட்டில் விட்டுப்போயிருந்தால் முடிவே மாறியிருக்கும். அது டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது சமநிலை. முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்தது.

அந்தக் கணக்கை எப்படி நம்புவது? நீங்களே சோதிக்கலாம். இந்தியாவின் இரண்டாவது ஆட்டத்தில் மட்டையாளர்கள் எடுத்தவை: 90, 39, 51, 42, 39, 1, 48, 23, 0, 8, 0. கூட்டுத்தொகை 341. உதிரிகள் 6. ஆக 347. இனிப் பந்துவீச்சாளர்கள் கொடுத்தவை: 27, 48, 146, 94, 16, 12. கூட்டினால் 343. பை, லெக்-பை ஆகியவை பந்துவீச்சாளர் கணக்கில் சேரா. அவை 4. மறுபடியும் 347! ஒரே நிகழ்ச்சி இரண்டு பக்கங்களில் தனித்தனியே பதிவாகிறது. ஒன்று மற்றொன்றைச் சோதிக்கிறது. இப்படி எழுதுவோரும் இருவர். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்ட அட்டவணைக்கு உருக்கொடுத்த ஹென்றி சாட்விக்கும் இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட் செய்தி எழுதியவர்தாம்.

அட்டை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. டீன் ஜோன்ஸ் 210 என்று இருக்கும். சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே ஆடி, பிறகு மருத்துவமனைக்குப் போனார் என்று இராது. கடைசியாக ஆட்டமிழந்த மணிந்தர் சிங் பெயருக்கு எதிரே எல்.பி.டபிள்யூ. என்றிருக்கும், பந்து மட்டையில் பட்டது என்று அவர் சொல்லிவருவது இராது. பதிவேட்டின் வேலை அதுவன்று. கண்டதைக் கண்ட நேரத்தில் எழுதுவதே அதன் வேலை.

நம் ஆய்வகக் குறிப்பேடுகளோ? 'g' 9.8 வரவேண்டும் என்று முதலில் விடையை எழுதி, நேரங்களைப் பின்னோக்கி நிரப்புகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் மாணவனாக இருந்தபோது செய்ததுதான். சரியான விடைக்கே மதிப்பெண் போடும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. அடித்துத் திருத்திய, கறைபட்ட குறிப்பேட்டுக்கே கூடுதல் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கட்சி. சக ஆசிரியர் சிலர் சிரிக்கிறார்கள்.

இவ்வாண்டு என் வகுப்பில் ஊசல் சோதனைக்கு இருவர் தனித்தனியே அலைவுகளை எண்ணி எழுதுகிறார்கள். ஒரு மீட்டர் ஊசலில் 19 அலைவுகளை 20 என்று எண்ணிவிட்டால், 9.8 வரவேண்டிய 'g' ஏறக்குறைய 10.9 ஆகிவிடும். போன வாரம் ஒரு ஜோடிக்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஒருத்தி 20 என்றாள், மற்றவள் 19 என்றாள். இரண்டையும் அழிக்காமல் கோடிட்டுவிட்டு, ஊசலை மறுபடியும் ஆட்டிவிட்டார்கள்.