'ம்' என்று மட்டும் பதில் வந்தால்...

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் நான்சி ஆண்ட்ரீசன். கவிஞர் ஜான் டன் பற்றிப் புத்தகமே எழுதியவர். முதல் பிரசவத்துக்குப் பிறகு கடுமையான நோய்த்தொற்று வந்து, பிழைத்து எழுந்தார். அந்த அனுபவம் அவர் வாழ்க்கையையே திருப்பியது. பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு மருத்துவ மாணவியாகச் சேர்ந்தார். 1970-ல் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு மனநல மருத்துவரானார்.

கவிதையை வரி வரியாகப் படித்துப் பழகியவர், நோயாளிகளின் பேச்சையும் அப்படியே கவனித்தார்.

ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் அறிமுகப்படுத்தியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். தமிழில் மனச்சிதைவு நோய். ஓர் எண்ணத்தை அடுத்த எண்ணத்தோடு கட்டும் கயிறு தளர்வதுதான் இதன் அடிப்படை என்றார் அவர். அதனால், பேச்சு கோர்வையாக இல்லாவிட்டாலே அது மனச்சிதைவுதான் என்ற கருத்து மருத்துவர்களிடையே பரவியிருந்தது.

அது சரியா என்று பார்க்க நினைத்தார் ஆண்ட்ரீசன். ஒருவரின் எண்ணத்தை யாரும் நேரில் பார்க்க முடியாது. நம் காதில் விழுவது பேச்சு மட்டும்தான். எனவே பேச்சில் வரும் மாற்றங்களை 18 வகையாகப் பிரித்து, 1979-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

அதில் ஒன்று தடம்புரளும் பேச்சு. "மழை வருமா?" என்று கேட்டால், "குடைக்கு எட்டுக் கம்பி. எட்டாம் நம்பர் பஸ் வரவே இல்லை. பஸ்காரருக்கு மூணு பிள்ளைங்க" என்று போவது இதற்கு உதாரணம். ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். நடுவில் இருக்க வேண்டிய பாலம்தான் இல்லை.

113 நோயாளிகளிடம் இந்த அளவுகோலைப் பயன்படுத்தியபோது ஓர் ஆச்சரியம். மனச்சிதைவு இல்லாத, மனஎழுச்சி நோய் உள்ளவர்களின் பேச்சும் இதேபோல் தடம்புரண்டது! வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. மனஎழுச்சியில் பேச்சு அருவியாகக் கொட்டியது. மனச்சிதைவில் பலருக்குப் பேச்சு வற்றிப்போயிருந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு மௌனம். இந்த வறட்சி நீடித்தால் குணமாவது கடினமாகிறது என்பதும் பிந்தைய ஆய்வில் தெரியவந்தது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சம்பந்தமில்லாமல் பேசினால் வீடே பதறுகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை மாதக்கணக்கில் 'ம்', 'இல்ல' என்று மட்டும் சொன்னால், "திமிர்", "சோம்பேறி" என்று திட்டு விழுகிறது. அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குறைவாகப் பேசுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். சிலரின் சுபாவமே அதுதான். மனச்சோர்விலும் பேச்சு குறையும். சில மாத்திரைகளாலும் குறையலாம். எது காரணம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டார் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்பு இருந்த பேச்சுக்கும் இப்போதைய பேச்சுக்கும் உள்ள வித்தியாசம். தூக்கம், குளியல், வெளியே போவது ஆகியவையும் சேர்ந்து மாறியிருந்தால் தாமதிக்க வேண்டாம்.

சிகிச்சையில் இருப்பவரிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, சின்ன வாக்கியம், பதிலுக்குக் கொஞ்சம் அவகாசம். இவ்வளவு போதும். கேலி மட்டும் கூடவே கூடாது.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.