புளியங்கொட்டைக் கணக்கு

காலை ஐந்தரை மணி. கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே நான். எதிரே நாற்காலியில் அத்தை. மடியில் இரண்டு எவர்சில்வர் கிண்ணம். ஒன்றில் 108 புளியங்கொட்டை, மற்றது காலி. இடது கையால் வலது காதையும், அதற்கு மேலாக வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்து எழும்போதெல்லாம் ஒரு கொட்டை காலிக் கிண்ணத்தில் ‘டங்’கென்று விழும்.

நாளுக்கு 108 தோப்புக்கரணம், ஒரு மண்டலம், அதாவது 48 நாள். மொத்தம் 5,184. உறவிலும் நட்பிலும் நன்கொடை கேட்டேன். ஒன்பது பேர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்றார்கள். ஆறு பேர் ஐம்பது காசு. கூட்டினால் 62,208 ரூபாய். அது போகவேண்டிய இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அத்தையைப் பிழைக்கவைத்து அனுப்பிய இடம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊராரிடம் நிதி திரட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் அங்கே இன்றும் வைத்தியம் நடப்பதற்கு, முகம் தெரியாத பலர் கொடுக்கும் காசும் ஒரு காரணம்.

யோசனை எனக்கு வந்தது ஒரு முதியவரிடமிருந்து. 2020 ஊரடங்கில், இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், கேப்டன் டாம் மூர் தன் 100ஆவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தை நூறு தடவை நடந்து கடப்பதாகச் சொன்னார். ஒரு நடை 25 மீட்டர், கையில் நடைச்சட்டம். மருத்துவ ஊழியர் நலனுக்காக ஆயிரம் பவுண்டு திரட்ட நினைத்தார். பிறந்தநாளன்று 3.2 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வீட்டைவிட்டு வெளியே போகாமலே இவ்வளவு முடியுமா என்று அன்று மலைத்தேன்.

அவர் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் திரட்டிய பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பின்னால் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையால் குடும்பத்தார் சொந்த ஆதாயம் அடைந்ததாக, அந்நாட்டு அறநிறுவன ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ஊர்க்காசைத் தொடுபவருக்குக் கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும். அதனால் ஒரு ரூபாயைக்கூட நான் கையில் வாங்கவில்லை. கடைசி நாளன்று அவரவரே மருத்துவமனைக்கு நேராகச் செலுத்தி, ரசீதை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும் என்பது ஏற்பாடு. நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை கேட்பவருக்கும் ரசீது அவர் பெயரில் இருந்தால்தான் ஆகும்.

முதல் வாரம் தொடை இரண்டும் கல்லாய் இறுகிப்போயின. மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டியிருந்தது. இரண்டாம் வாரத்தில் வலி விட்டது. எனக்காக என்று தொடங்கிய எந்த உடற்பயிற்சியும் பத்து நாளைத் தாண்டியதில்லை. இதைத் தாண்டவைத்தது சாயங்காலம் திண்டுக்கல் மாமாவிடமிருந்து வரும் போன். “இன்னைக்கு முடிஞ்சுதாம்மா?” அவ்வளவுதான் கேட்பார். பதினைந்து பேருக்குக் கொடுத்த வாக்கு, அலாரத்துக்கு முன்னாலேயே எழுப்பிவிடும்.

23ஆம் நாள் காய்ச்சல். நாற்பதில் கண் இருட்டியது. “போதும், படு” என்று அத்தை கிண்ணத்தை மூடிவிட்டார். ‘இன்று 40, பாக்கி 68’ என்று குழுவில் எழுதினேன். உடம்பு தேறியதும் நான்கு நாளில் பதினேழு பதினேழாகச் சேர்த்துப் போட்டு அடைத்தேன்.

மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம். கூடத்திலேயே நடக்கலாம், ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். கேட்கிறவர் தன் பங்குக்கு உடம்பை வருத்துவது தெரிந்தால், கொடுக்கிறவருக்கும் மனம் இளகுகிறது. பணம் கேட்கக் கூசும் எனக்கு அந்தக் கூச்சம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

கடைசி நாள், கடைசிக் கொட்டை விழுந்தது. அன்று மாலைக்குள் பதினைந்து ரசீதும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அத்தை கேட்டுக்கொண்டே கொட்டைகளைத் துணியால் துடைத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடினார்.

“தூக்கிப் போட்டுடாதே. அடுத்த மண்டலத்துக்கு ஆகும்.”