செங்காந்தளும் செடிதான் ஐயா!

அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போன வாரம் ஒரு வித்தை பார்த்தேன். ஒரு ஆம்னி வேன், ஒரு மைக், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் பெரியப்பாவை முன்னால் அழைத்தார் வியாபாரி. சிறுகுறிஞ்சான் இலை இரண்டைக் கையில் கொடுத்து, "நல்லா மென்னு முழுங்குங்க பெரியவரே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் நாக்கில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டி, "எப்படி இருக்கு?" என்று மைக்கை நீட்டினார்.

"மண்ணைத் தின்ன மாதிரி இருக்குதுபா."

"பாத்தீங்களா ஜனங்களே! நாக்குல வெச்ச சர்க்கரையையே கொன்னுடுச்சு. ரத்தத்துல இருக்கிறதை விட்டுடுமா?"

கூட்டம் கை தட்டியது. பெரியப்பா 450 ரூபாய் கொடுத்து ஒரு டப்பா வாங்கினார். அன்று ராத்திரியே மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தினார். ஏன் பெரியப்பா என்றால், "அது கெமிக்கல்டா. இது இயற்கை. பக்க விளைவே கிடையாது."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பிரஷர் ஏறுகிறது. சிறுகுறிஞ்சானில் இருக்கும் ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாயில் போட்ட சர்க்கரை ஒரு துளி குறையாமல் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கும் போய்விடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டேன் என்பது போன்ற வித்தை இது. இதற்குக் கைத்தட்டல் வேறு.

இயற்கை என்றால் கெடுதல் செய்யாது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செங்காந்தளை என்ன செய்யப் போகிறீர்கள்? நம்முடைய மாநில மலர். மழை பெய்தால் காட்டோரப் புதரில் சிவப்பும் மஞ்சளுமாகத் தானே பூக்கிறது. யாரும் யூரியா போட்டதில்லை, மருந்து அடித்ததில்லை, எந்தக் கம்பெனியும் கலப்படம் செய்ததில்லை. அதைவிடச் சுத்தமான இயற்கை ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். அதன் கிழங்கைத் தின்றவன் கதி என்னவென்று ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். வேனில் வருகிறவர் அதையும் ஒரு ஸ்பூன் மென்று காட்டுவாரா?

இதே செங்காந்தளைத்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து, விதையை ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுப்பது கோல்ச்சிசின் என்ற மருந்து. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 இதய நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இதைத் தினமும் அரை மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக 2020இல் முடிவு வந்தது. 2023இல் அமெரிக்க அரசு இதயத்துக்கென்றே அதற்கு அனுமதி கொடுத்தது. கவனியுங்கள், அரை மில்லிகிராம். ஒரு ஸ்பூன் அல்ல, ஒரு பிடி அல்ல, "காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர்" அல்ல.

கதை அதோடு முடியவில்லை. மாரடைப்பு வந்த கையோடு இதே மருந்தை ஆரம்பித்தால் பலன் உண்டா என்று 7,000 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. தெரியவில்லை என்று 2024இல் அச்சிட்டும் விட்டார்கள். மருந்து என்றால் தோற்கவும் செய்யும். தோற்றால் தோற்றது என்று எழுதுவார்கள். நம் ஊர் வெந்தயப் பொடி என்றைக்காவது தோற்றிருக்கிறதா? நாவல் கொட்டை? மருதம்பட்டை? தின்றவருக்குச் சுகர் இறங்கினால் பொடியின் மகிமை. இறங்காவிட்டால் அவருக்குப் பத்தியம் இருக்கத் தெரியவில்லை. தோற்கவே முடியாத மருந்தைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா தூக்கிப்போட்ட அந்தக் "கெமிக்கல்" எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி. அதிலிருந்த சரக்கு சர்க்கரையைக் குறைத்தது, ஆளையும் சேர்த்துப் பதம் பார்த்தது. அந்தச் சரக்கின் உறவுக்காரச் சேர்மங்களைத் தேடிப் போனவர்கள் கையில் கிடைத்ததுதான் மெட்ஃபார்மின். ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். செடியில் இருந்த விஷத்தைக் கழித்துவிட்டு, அளவு கட்டி, அட்டையில் அடைத்துக் கொடுத்தால் அது செயற்கை. விஷமும் மண்ணும் வண்டும் சேர்த்து இடித்து டப்பாவில் போட்டால் அது இயற்கை. நல்ல நியாயம்.

படிக்காதவர்தான் இப்படி ஏமாறுகிறார் என்று ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற தம்பிகள் சிரிக்க வேண்டாம். அவர்கள் பையில் மீன் எண்ணெய் மாத்திரை இருக்கிறது, பூண்டு மாத்திரை இருக்கிறது, மஞ்சள் மாத்திரையும் இருக்கிறது. வேன் வியாபாரிக்குப் பதில் செல்போனில் ஒருவர் ஆங்கிலம் கலந்து பேசுகிறார், வேறொன்றும் வித்தியாசமில்லை. மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறையும் ஒரு சாதாரணக் கொழுப்பு மாத்திரையோடு மோதவிட்டார்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில். 190 பேர், 28 நாள். 2022இல் முடிவு வந்தது. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் கெட்ட கொழுப்பை 38 சதவீதம் போல இறக்கியது. மற்ற ஆறும் வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் ஏறியே இருந்தது. ரசத்துக்குப் பூண்டு போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ரத்தக் குழாயைக் கழுவுவதற்குப் போடாதீர்கள்.

அந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசி ஜப்பானில் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோபயாஷி என்ற பெரிய கம்பெனி கொழுப்பைக் குறைக்கும் என்று அதை மாத்திரையாக விற்றது. தயாரிப்பில் புகுந்த ஒரு பூஞ்சையின் நஞ்சால் வாங்கித் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 2024 மார்ச்சில் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். சுத்தத்துக்குப் பேர்போன ஜப்பானிலேயே இந்தக் கதி. நம் வேனில் வந்த டப்பாவை எந்தக் கொட்டகையில், எந்தத் தகரத்தில் காயவைத்தார்களோ! டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கிறதே என்கிறார் பெரியப்பா. முறுக்குப் பாக்கெட்டிலும்தான் இருக்கிறது. முறுக்கு சுகரைக் குறைக்குமா?

அடுத்தது தாத்தா. எந்த வாதத்துக்கும் கடைசியில் ஒரு தாத்தா வந்து நிற்பார். "எங்க தாத்தா கேவுரு களி துண்ணாரு, 90 வயசு வரைக்கும் சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல." சுகரைக் குத்திப் பார்க்க ஆளே இல்லாத காலத்தில் சுகர் இல்லாமல் இருந்தது ஒரு சாதனையா? சுதந்திரம் வந்தபோது இந்தியனின் சராசரி ஆயுள் 32. 90 வரை இருந்த தாத்தாவைத்தான் நமக்குத் தெரியும். 40இல் போன தாத்தாக்கள் வாட்ஸ்அப்பில் வருவதில்லை. அந்தத் தாத்தா களியைத் தின்றுவிட்டு நாள் முழுக்க ஏர் பிடித்தார், ராத்திரி பரண்மேல் உட்கார்ந்து யானை விரட்டினார். பேரன் அதே களியைத் தின்றுவிட்டு ஷிப்ட் பஸ்ஸில் தூங்குகிறான்.

ராகி மேல் எனக்குக் கோபமில்லை, நான் அதைத் தின்று வளர்ந்தவன். சுண்ணாம்புச்சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசியில் 78. இந்த வித்தியாசத்தை நம்பி இரண்டு உருண்டைக்கு நாலு உருண்டையாக உள்ளே தள்ளுகிறார்கள். நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சுகர் இன்னும் வேகமாக ஏறும். வெல்லம் போட்டு "மால்ட்" என்று விற்றால் சொல்லவே வேண்டாம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும் நகரத்தில் ராகிக்கு மவுசு வந்துவிட்டது. அஞ்செட்டியில் ராகி விளைவிக்கிறவனுக்கு என்ன வந்தது? அறுப்புக் காலத்தில் யானை வந்தது. கொல்லையைக் காப்பதற்குள் பாதியை அது தின்றுவிடுகிறது, மிச்சத்துக்குத் தரகன் சொல்வதுதான் விலை. அதே ராகி கண்ணாடிக் கடையில் சின்னப் பாக்கெட்டில் "இதயத்தின் நண்பன்" என்று உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட எனக்கு ஆறாத ஒன்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது சென்னையில் அல்ல, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி இலவசமாக வரும் திட்டம். எங்கள் தெருவுக்கு வரும் பெண், வெயிலில் நடந்து வந்து, விரலைக் குத்திப் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நேற்று குத்திப் பார்த்தபோது பெரியப்பாவுக்கு 312. "மாத்திரையை நிறுத்தாதீங்க தாத்தா" என்றார். "காசில்லாம குடுக்கிறது என்னாம்மா பெருசா வேலை செஞ்சிடப் போவுது?" என்று அவரிடமே சொல்கிறார் பெரியப்பா. 450 ரூபாய் கொடுத்தால்தான் வேலை செய்யும்! இயற்கை வைத்தியமாம், பணத்தாசை இல்லாத வைத்தியமாம்.

2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. அது 10 கோடி டப்பாவுக்கான சந்தை. அதனால்தான் வேன் அஞ்செட்டி வரைக்கும் வருகிறது. மலைமேல் இருக்கும் கிராமங்களுக்கு ஒழுங்காக ஒரு பஸ் வருவதில்லை, இதய டாக்டர் வேண்டுமென்றால் ஓசூருக்கு ஓட வேண்டும், ஆனால் பொடி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமலா? 1954லேயே போட்டிருக்கிறார்கள். இன்ன இன்ன நோயைத் தீர்க்கும் என்று விளம்பரமே செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல். அதில் சர்க்கரை நோய், இதய நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் இருக்கின்றன. 2024இல் பதஞ்சலியையே பத்திரிகையில் மன்னிப்புக் கேட்க வைத்தது உச்ச நீதிமன்றம். டெல்லியில் அவ்வளவு நீண்ட கை, அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு மைக்கைப் பிடுங்க நீளவில்லை.

அது நீளும் வரை, இயற்கை என்று எவர் எதை நீட்டினாலும் நாலு கேள்வி கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? எத்தனை மில்லிகிராம்? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை? செங்காந்தளைப் பற்றிக் கேட்டால் நாலுக்கும் பதில் உண்டு. ஒன்றுக்காவது பதில் சொல்கிற டப்பா வரட்டும், நானே முதல் ஆளாக வாங்குகிறேன்.