கையைக் கழுவச் சொன்னது போதும், ரத்தத்தைச் சோதியுங்கள்

தோழர்களே, காரீய நச்சு பற்றிய விழிப்புணர்வு என்றால் என்ன செய்கிறார்கள்? ஒரு பேனர், ஒரு துண்டறிக்கை, "வீட்டைச் சுத்தமாக வையுங்கள், பிள்ளையின் கையைக் கழுவுங்கள்" என்று தாய்மார்களுக்கு உபதேசம்.

கை கழுவுவது நல்லதுதான். நஞ்சை வைத்தது யார்? 2000 வரை பெட்ரோலில் காரீயம் கலந்து விற்றார்கள். வீட்டுப் பெயின்டுக்கு 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியது இன்னும் உதிர்கிறது.

குருசுக்குப்பத்தைப் பாருங்கள். வலை அமிழ ஈயக்குண்டு வேண்டும். அதை வாசலில் உருக்கி வார்த்தால், புகையும் தூசியும் முதலில் சேருவது பிள்ளையின் உடம்பில். "மீனவர் பிரச்சினை நமக்கெதற்கு?" என்பவர்களுக்கு: பழைய பேட்டரியையும் குப்பையையும் பிரிக்கும் நம் கைகளில் படிவதும் இதே காரீயம்தான். "சுத்தம் தெரியாதவர்கள்" என்ற பழியும் ஒன்றுதான்.

பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை பாதித்த பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பெயர் "மக்கு".

கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில், 2014-க்குப் பிறகு குழாய்நீரில் காரீயம் வந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள்தான் அவர்களைப் பணியவைத்தன.

ஜிப்மர் இருக்கும் ஊர் இது. அங்கன்வாடியிலேயே ரத்தம் எடுங்கள். முடிவைத் தாயின் கையில் கொடுங்கள். ஈயக்குண்டுக்கு மாற்றை மானியத்தில் தாருங்கள்.

மாணவத் தோழர்களே, துண்டறிக்கையோடு போகாதீர்கள். இந்தக் கோரிக்கையோடு போங்கள்.

ஜெய் பீம்.