வெளிச்சம் பட்டால் சாயம் உடையும்... உப்பு? திருப்பூருக்கு இந்த டெக்னாலஜி செட் ஆகுமா?

2011 ஜனவரியில், திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நொய்யலில் கழிவுநீரே விடாத நிலையை எட்டினால்தான் திறக்க முடியும் என்பது நிபந்தனை. அதன்பின், சாயத்தண்ணியைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. மெம்பரேனில் வடிகட்டி, மறுபடி பட்டறைக்கே அனுப்புவதுதான் அங்கே வழக்கம்.

இதில் தீராத தலைவலி, மெம்பரேன் அடைத்துக்கொள்வது. மிச்சமிருக்கும் சாயமும் பாக்டீரியா படலமும் அப்பிக்கொண்டால் தண்ணீர் இறங்காது. பம்ப் அழுத்தத்தைக் கூட்டணும், கரண்ட் பில் எகிறும், ரசாயனம் விட்டுக் கழுவணும். கடைசியில் மெம்பரேனையே மாத்தணும்.

இதற்கு ஆய்வகங்கள் முன்வைக்கும் வழிகளில் ஒன்று ஒளிவினையூக்கம். டைட்டானியம் டை ஆக்ஸைடு தெரியும்தானே? சன்ஸ்கிரீனிலும் வெள்ளை பெயின்ட்டிலும் இருக்கும் அதே பொடிதான். தண்ணீரில் இருக்கும் இதன்மீது புற ஊதா ஒளி பட்டால், ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் உருவாகும். அக்கம்பக்கத்தில் இருக்கும் சாய மூலக்கூறுகளை இவை பிய்த்துப்போடும். ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்குத் தொடக்கப்புள்ளி.

சரி, மெம்பரேன் எதுக்கு? நானோ அளவுப் பொடி என்பதால், சும்மா விட்டால் சுத்தமான தண்ணியோடு அதுவும் போய்விடும். நுண்துளை வடிகட்டி அதைத் தொட்டிக்குள்ளேயே பிடித்துவைக்கும். பொடியை மெம்பரேன் மீதே பூசிவிடும் முறையும் உண்டு. அதில் ஒட்டுகிற அழுக்கு அங்கேயே உடையும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். விளக்கு வைத்தால் கரண்ட் செலவு. அடர்நிறத் தண்ணியில் ஒளி ஆழமாக இறங்காது. சாயத்தை உடைக்கும் அதே ரேடிக்கல், பிளாஸ்டிக் வகை மெம்பரேனையும் அரிக்கும். செராமிக் தாங்கும், விலைதான் இடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு போடுகிறார்கள். எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் அது உடையாது. போதாக்குறைக்கு, உப்பிலுள்ள குளோரைடு ரேடிக்கல்களைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். அதனால் ஆர்.ஓ.வும், அதன் கழிவைக் காய்ச்சும் எவாப்பரேட்டரும் இருந்தே ஆகணும். இந்தக் கூட்டணிக்குப் பொருத்தமான இடம், ஆர்.ஓ.வுக்கு முந்தைய கட்டம். அங்கே மிச்ச நிறத்தை எடுத்துவிட்டால் ஆர்.ஓ. அடிக்கடி அடைக்காது.

‘கலர் போயிடுச்சு’ என்று காட்டும் டெமோ வீடியோக்களை மட்டும் நம்பவேண்டாம். நிறம் போவது முதல் கட்டம்தான். அசோ வகைச் சாயங்கள் உடைந்தால் நச்சுள்ள அமீன்கள் மிஞ்சலாம். பார்க்கவேண்டியது தண்ணீரில் மீதமுள்ள மொத்த கரிம கார்பன் அளவை.