மணி ஐயர் போடாத ஆல்பம்

சும்மா ஒரு கற்பனை. வருஷம் 1964 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மணி ஐயருக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகப்போகிறது. யாரோ ஒரு புண்ணியவான் அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்துகிறார். "அண்ணா, நாலு நாள் எடுத்துக்கோங்கோ. ஒரே ஒரு எல்பி. என்ன பாடணும்கிறது உங்க இஷ்டம்" என்கிறார். அந்தத் தட்டில் என்ன இருந்திருக்கும்?

'கா வா வா', 'காண கண் கோடி', 'எப்போ வருவாரோ', கடைசியில் இங்கிலீஷ் நோட்டு என்று நீங்கள் அடுக்க ஆரம்பித்திருப்பீர்கள். தப்பில்லை, யாரைக் கேட்டாலும் இதுதான் வரும். ஆனால் அதெல்லாம் கச்சேரிக்கு உரியது. எதிரே ஜனம் வேண்டும், பந்தல் வேண்டும், வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பாட வேறு ஏதாவது வேண்டுமே.

என் ஓட்டு தீட்சிதரின் வார கிருதிகளுக்கு. நவக்கிரகக் கிருதிகளை மேடையில் விடாமல் எடுத்தாண்டவர் மணி ஐயர். ஞாயிறுக்கு சௌராஷ்டிரம், திங்களுக்கு அசாவேரி, செவ்வாய்க்கு சுருட்டி, புதனுக்கு நாட்டக்குறிஞ்சி, வியாழனுக்கு அடாணா, வெள்ளிக்குப் பரஸ், சனிக்கு யதுகுலகாம்போதி. ஏழு நாளுக்கும் ஸூளாதி சப்த தாளங்கள் ஏழு. (ராகு, கேது இரண்டும் தீட்சிதர் செய்தவைதானா என்று வித்வான்கள் விவாதிக்கிறார்கள். ஏழோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு அந்த வம்பு இல்லை.) எல்பி ஒரு பக்கம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் ஓடும். ஞாயிறு முதல் புதன் வரை ஒரு பக்கம், மிச்ச மூன்றும் மறுபக்கம். மறுபக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமாகும் இல்லையா, அந்த இடத்தில் அடாணாவுக்குக் கல்பனாஸ்வரம். அவசரமே இல்லாத அந்த சர்வலகு ஓட்டம், ஐந்து நிமிஷம். கற்பனைக்கு என்ன கஞ்சத்தனம்?

இதை நான் புனேவில் ஆபீஸ் கேன்டீனில் அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து சீட் மராட்டிய நண்பர் வடாபாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கற்பனை எதற்கு? இருக்கிற டேப்பையெல்லாம் கொடு, நானே செய்து தருகிறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. குரலைத் தனியாக, வயலினைத் தனியாக, மிருதங்கத்தைத் தனியாகப் பிரிக்கிற மென்பொருள் இப்போது மடிக்கணினியிலேயே ஓடுகிறது. ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோவோடு பாடி வைத்திருந்த கேஸட்டை வைத்துக்கொண்டு 1995 வாக்கில் மற்ற மூன்று பீட்டில்ஸும் முட்டி மோதிப் பார்த்துக் கைவிட்டார்கள். அதே கேஸட்டிலிருந்து குரலை உருவி எடுத்து 2023இல் 'நௌ அண்ட் தென்' வந்தது. லெனனுக்கு முடிந்தது மணி ஐயருக்கு முடியாதா என்பது நண்பரின் வாதம்.

அவர் இன்னொன்றும் கேட்டார், அதுதான் என்னை யோசிக்க வைத்தது. "எங்கள் அப்துல் கரீம் கான் சாகேப் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தானே போனார்? அவருடைய 78 தட்டுகளில் ஒரு ராகத்துக்கு மூன்றே நிமிஷம். அதை ஒரு மணி நேரமாக ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேனா?" கான் சாகேப் 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே உயிரை விட்டவர். தியாகராஜ கிருதியைத் தட்டில் பாடி வைத்தவரும்கூட. மிரஜ்காரருக்கும் செங்கல்பட்டுக்கும் இப்படி ஒரு முடிச்சு!

நான் வேண்டாம் என்பேன். கையில் இருப்பதிலிருந்து எடுப்பது வேறு, இல்லாததைத் தயாரிப்பது வேறு. லெனன் பாட்டில் கேட்பது லெனன் ஒரு நாள் உட்கார்ந்து பாடியது, மேலே இருந்த தூசியைத்தான் துடைத்தார்கள். மூன்று நிமிஷத்தை அறுபதாக்கினால் மிச்ச ஐம்பத்தேழும் யார் பாடியது?

நம் பக்கத்திலேயே இது வந்துவிட்டது. 2024இல் 'லால் சலாம்' படப் பாட்டுக்கு ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் 'கோட்' படத்தில் தம்பி யுவன் இசையில் பவதாரிணியின் குரல் வந்தது, அவர் ஜனவரியில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொரு பக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் உருவாக்கியதாகச் சொல்லி அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. அனுமதி வாங்கினால் சரி, வாங்காவிட்டால் தப்பு என்பதோடு எல்லோரும் விவாதத்தை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சினிமாப் பாட்டில் மெட்டு இசையமைப்பாளருடையது, பாடகர் குரல் கொடுக்கிறார். கர்நாடக சங்கீதத்தில் அப்படியா? ஸ்வரம் பாடும்போது பாடகர்தான் இசையமைப்பாளர், அதுவும் அந்த நொடியில். மணி ஐயரின் நூறு கச்சேரியை விழுங்கிய மெஷின் நூற்றொன்றாவது கச்சேரியில் என்ன செய்யும்? இந்த நூறின் சராசரியைப் பாடும். அவரோ ஒரு நாளும் சராசரியைப் பாடவில்லை.

செய்வதானால் மதன் மோகன் விஷயத்தில் செய்தது மாதிரி செய்யலாம். 1975இல் இறந்த மனிதர் பயன்படுத்தாமல் விட்டுப்போன மெட்டுகளை எடுத்து, 2004இல் 'வீர் ஜாரா'வுக்கு லதா மங்கேஷ்கரைப் பாட வைத்தார்கள். மெட்டு யாருடையது, பாடுவது யார் என்று கேட்கிறவனுக்குத் தெளிவாகத் தெரியும். யாரையும் கல்லறையிலிருந்து எழுப்பவில்லை.

சரி, நம் ஏழு பாட்டுக்கு வருவோம். தயாரிப்பு வேண்டாம், இருக்கிற டேப்புகளிலிருந்தே கோப்போம் என்று நண்பரிடம் சொன்னேன். அங்கேதான் ரெண்டு சிக்கல்.

முதல் சிக்கல், வேம்பு ஐயர். மணி ஐயர் தனியாகப் பாடியவர் இல்லை. சீடர் வேம்பு ஐயர் பின்னால் இருப்பார். பிற்காலத்தில் வேம்பு ஐயரின் பிள்ளை டி.வி. சங்கரநாராயணனும். (2003இல் சங்கீத கலாநிதி, 2022இல் மறைந்தார்.) குருநாதர் மூச்சு வாங்க விட்ட இடத்தைப் பின்பாட்டு பிடித்துக்கொள்ளும். சில இடத்தில் யார் விட்டது, யார் எடுத்தது என்றே தெரியாது. ஒரே பாணி, ஒரே ஸ்ருதி, ஒரே மைக். குரலை வயலினிலிருந்து பிரிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு இந்தக் குரலை அந்தக் குரலிலிருந்து பிரிக்கத் திணறும். திணறும்போது என்ன செய்யும்? பின்னால் மெல்லிதாகக் கேட்பதைக் கசடு என்று நினைத்துத் துடைத்துவிடும். 'மணி ஐயர், தனிக் குரலில், ஸ்டூடியோ தரத்தில்' என்று அட்டையில் அழகாகப் போட்டுக்கொள்ளலாம். வாழ்நாளெல்லாம் பின்னால் உட்கார்ந்து தாங்கிய மனிதர் மட்டும் காணாமல் போயிருப்பார். இப்படி ஒரு சுத்தம் நமக்குத் தேவையா?

ரெண்டாவது, இரைச்சல். ரசிகர்கள் வீட்டு ஸ்பூல் மெஷினில் எடுத்தவை பெரும்பாலும் நொடிக்கு 3¾ அங்குல வேகம். 1200 அடி ஸ்பூலில் ஒரு பக்கம் அறுபத்து நாலு நிமிஷம் கிடைக்கும். இரட்டை வேகத்தில் தரம் நன்றாக இருக்கும், ஆனால் முப்பத்திரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். டேப் விற்ற விலையில் யார் அப்படி எடுப்பார்கள்? மெஷினுக்கு மெஷின் வேகம் வேறு, அதைக் காப்பி எடுத்த மெஷின் இன்னும் வேறு. ஆகவே ஒரு டேப்பில் அரைக் கட்டை ஏறியிருப்பார், இன்னொன்றில் இறங்கியிருப்பார். ஏழு டேப்பிலிருந்து ஏழு பாட்டைக் கோத்தால் ஏழு மணி ஐயர்கள் வரிசையாக வந்து பாடுகிற மாதிரி இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு என்று நண்பர்தான் சொல்லிக்கொடுத்தார். மின்சார லைனின் 'ம்ம்ம்' என்ற முனகல் பாட்டோடு சேர்ந்தே டேப்பில் பதிந்திருக்கும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். டேப்பில் 52 என்று காட்டினால் டேப் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து மின்சாரமே கொஞ்சம் ஆடும் என்றாலும், ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர் முதலில் அழிப்பது இந்த முனகலைத்தான். அசல் ஸ்ருதியைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. கூட்டத்தில் இருந்து வரும் "ஆஹா"வும் அப்படியே. மணி ஐயர் ஒரு ஸ்வரத்தில் நின்றுவிட்டு அடுத்த சுற்றில் ஏன் அங்கேயே திரும்ப வருகிறார் என்பதற்கு அந்த "ஆஹா"தான் காரணமாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் பதில் மட்டும் இருக்கும், கேள்வி இருக்காது.

ஆகவே என் ஆல்பத்தில் இருமல் இருக்கும், குழந்தை அழும், வேம்பு ஐயர் இருப்பார். ஏழில் ஒன்று நல்ல பதிவாக அகப்படவில்லை என்றால் ஆறோடு வரட்டும். வெள்ளிக்கிழமை காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. அட்டையில் 'ஸ்டூடியோ' என்று மட்டும் போடக்கூடாது. எந்த ஊர், எந்தத் தேதி, பக்கவாத்தியம் யார், எடுத்தவர் யார் என்று போட வேண்டும்.

இந்த விவரமெல்லாம் எங்கே இருக்கிறது? வானொலிக் களஞ்சியத்தில் இருப்பவை இருக்கட்டும், அதற்கு ஒரு அரசாங்கம் உண்டு. மிச்சம் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. நான் பயப்படுவது செயற்கைக் குரலுக்குக்கூட அவ்வளவு இல்லை, இதற்குத்தான். மாமா மாமியை பெங்களூருக்கோ நொய்டாவுக்கோ கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். மயிலாப்பூர் வீடும் கும்பகோணத்து வீடும் பிளாட்டாகப் போகிறது. நாலு நாள் லீவில் போய் நாற்பது வருஷச் சாமானைக் கழித்துக்கட்டுகிறோம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியவர் கல்யாணக் கச்சேரிகளாகத் தேடித் தேடி எடுத்து வைத்திருந்த ஸ்பூல்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. கேட்டதற்கு, "ஓட்டுற மெஷினே இல்லையேப்பா" என்றார்கள். உண்மைதானே.

சட்டமும் விசித்திரமாக இருக்கிறது. ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான வருஷத்திலிருந்து கணக்கு வைத்து அறுபது வருஷம். வெளியாகவே இல்லை என்றால் கடிகாரம் ஓடவே ஆரம்பிப்பதில்லை. ரசிகர் எடுத்த டேப் யாருக்குச் சொந்தம் என்று வாரிசுகள் தயங்கித் தயங்கி உள்ளேயே வைத்திருக்க, டேப் மட்டும் காத்திருக்காமல் மக்கிக்கொண்டிருக்கிறது.

அதனால் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பரணை ஒரு தடவை பாருங்கள். ஸ்பூல் அகப்பட்டால் ஆர்வத்தில் உடனே பழைய மெஷினில் போட்டு ஓட்டிவிடாதீர்கள், அறுந்துவிடும். வினிகர் வாசனை அடித்தால் அசிடேட் டேப் சிதைய ஆரம்பித்துவிட்டது, அதுதான் முதலில் போக வேண்டியது. அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், தாத்தா பென்சிலில் எழுதி வைத்த தேதி அதில்தான் இருக்கும். கணினிக்கு மாற்றித் தருகிறவர் "கிளீன் பண்ணித் தரட்டுமா சார்?" என்று கேட்டால், முதலில் துடைக்காத பிரதி ஒன்று, 24 பிட்டில், எம்பி3 வேண்டாம் என்று சொல்லுங்கள். துடைத்தது வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் 'பரஸ்' என்று எழுதியிருந்தால் அதை முதலில் கொடுங்கள் :-)